மின்சார வண்டிக்கு நல்ல கன்ட்ரோலர் பார்த்து வாங்குவது எப்படி: லேபிளை விடுங்கள், டப்பாவைத் திறங்கள்

போன மாதம் உணவு டெலிவரி பார்க்கும் ஒரு தம்பி பட்டறைக்கு ஒரு கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று மின்சாரத்தை அளந்து கொடுக்கிற டப்பா அது. பழையது புகைந்து போனதால் ஆன்லைனில் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார். லேபிளில் 48 வோல்ட், 30 ஆம்பியர், 1000 வாட். மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. கோவை உக்கடம் மேம்பாலத்தில் பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு ஏறும்போது "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி இறுகிக்கொண்டது. "முப்பது ஆம்பியர்னு போட்டிருக்கே அண்ணே, நான் அவ்வளவு இழுக்கவே இல்லையே" என்றார். நாலு திருகைக் கழற்றி உள்ளே காட்டினேன். ஆறே ஆறு மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), அதன் முதுகில் இருந்த எண்ணை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அழித்திருந்தார்கள். எண்ணைத் தேய்த்து அழிப்பவர் எதற்காக அழிக்கிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கன்ட்ரோலர் சந்தையில் இதுதான் பிரச்சினை. வெளியே எல்லாம் ஒரே அலுமினிய டப்பா, ஒரே நிற வயர், ஒரே மாதிரி கனெக்டர். லேபிளில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விலை அதிகமான கன்ட்ரோலர் எதற்குக் கூடுதல் காசு கேட்கிறது, அந்தக் காசு நியாயமானதா, உங்கள் வண்டிக்கு அது தேவைதானா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும் போதும், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் வோல்ட் கணக்கு

48 வோல்ட் பேட்டரி என்பது ஒருபோதும் 48 வோல்ட்டில் நிற்பதில்லை. 13 செல் வரிசை லித்தியம் அயன் என்றால் முழு சார்ஜில் 54.6 வோல்ட். 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்) என்றால் 58.4. 60 வோல்ட் என்று விற்கும் 17 செல் பேட்டரி முழு சார்ஜில் 71.4, 72 வோல்ட் என்கிற 20 செல் பேட்டரி 84. கன்ட்ரோலர் தாங்க வேண்டியது இந்த முழு சார்ஜ் எண்ணை, அதற்கு மேலும் கொஞ்சம். ஏனென்றால் மாஸ்ஃபெட் வினாடிக்குப் பதினைந்து, இருபதாயிரம் முறை திறந்து மூடுகிறது, ஒவ்வொரு முறை மூடும்போதும் வயரில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் போக வழியில்லாமல் ஒரு வோல்ட் குத்தலைக் கிளப்பும்.

இப்போது டப்பாவைத் திறந்து, அந்தக் குத்தலை வாங்கிக்கொள்ளும் கெபாசிட்டரைப் பாருங்கள். உருளையாக நிற்கும் பெரிய கெபாசிட்டரில் 63 வோல்ட் என்று இருந்தால் 13 செல் லித்தியத்துக்கு ஓடும், ஆனால் 58.4 வோல்ட் எல்எஃப்பி பேட்டரியைப் போட்டால் நாலரை வோல்ட்தான் மிச்சம், நான் அதை வாங்க மாட்டேன். அதே மாதிரி மாஸ்ஃபெட்டில் ஐஆர்எஃப்பி3077 என்று எழுதியிருந்தால் அது 75 வோல்ட் சரக்கு, 48 வோல்ட் வண்டிக்கு அருமை, 60 வோல்ட் வண்டிக்கு ஆபத்து. ஐஆர்எஃப்பி4110 என்றால் 100 வோல்ட். "48 முதல் 72 வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று ஒரு டப்பாவை விற்கிறார்கள் என்றால் உள்ளே 100 வோல்ட் மாஸ்ஃபெட்டாவது இருக்க வேண்டும், கெபாசிட்டரும் 100 வோல்ட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பொருந்தாது, புகையும்.

கெபாசிட்டரில் இன்னொரு எண்ணும் இருக்கும், 85 டிகிரி அல்லது 105 டிகிரி. 105 இருப்பதையே எடுங்கள். 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் ஆட்களின் பழைய கணக்கு, நம் ஊர் மே மாத வெயிலில் சீட்டுக்கு அடியில் மூடிக்கிடக்கும் டப்பாவுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

சூடுதான் எல்லாம்

கன்ட்ரோலர் சாவது பெரும்பாலும் சூட்டால்தான். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மாஸ்ஃபெட் என்பது ஒரு சுவிட்ச், ஆனால் முழுமையான சுவிட்ச் இல்லை. திறந்திருக்கும்போதும் அதற்குள் கொஞ்சம் தடை இருக்கும், மில்லிஓம் கணக்கில். மலிவான 48 வோல்ட் டப்பாக்களில் அடிக்கடி பார்க்கும் எஸ்டிபி75என்எஃப்75 என்ற மாஸ்ஃபெட்டுக்கு அந்தத் தடை அதிகபட்சம் 11 மில்லிஓம். மேலே சொன்ன ஐஆர்எஃப்பி3077க்கு 3.3. சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். மோட்டார் வயரில் 50 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மாஸ்ஃபெட் வழியாக அது போகும். 50 பெருக்கல் 50 பெருக்கல் 0.011, அதைப்போல இரண்டு மடங்கு, 55 வாட். அதாவது 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை மூடிய டப்பாவுக்குள் வைத்து சுவிட்சைப் போட்ட மாதிரி. அதே இடத்தில் 3.3 மில்லிஓம் இருந்தால் பதினாறரை வாட்தான். இதில் கொடுமை என்னவென்றால், சூடு ஏற ஏற அந்தத் தடையும் ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும்.

12 மாஸ்ஃபெட் வைத்த கன்ட்ரோலர் ஏன் விலை அதிகம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். விளம்பரங்களில் "12 டியூப்" என்று போட்டிருப்பார்கள், அது மாஸ்ஃபெட் எண்ணிக்கைதான். இரண்டிரண்டாக இணைக்கும்போது தடை பாதி, சூடும் பாதி, அந்தச் சூடும் இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல மாஸ்ஃபெட் ஆறு, மட்டமான மாஸ்ஃபெட் பன்னிரண்டை விடக் குளிர்ச்சியாக ஓடலாம், மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சூடு எங்கே போகிறது? மாஸ்ஃபெட் வரிசை ஒரு அலுமினியப் பட்டையில் திருகப்பட்டு, அந்தப் பட்டை டப்பாவின் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் வெள்ளைப் பசையும் மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய தகடும் இருக்க வேண்டும். நான் திறந்த பல டப்பாக்களில் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெளியே தொட்டால் டப்பா சில்லென்று இருக்கும், "பாருங்க சூடே ஆகல" என்பார்கள். உள்ளே வெந்துகொண்டிருக்கும். நன்றாக ஓட்டிய பிறகு டப்பாவின் வெளிப்புறம் சூடாக இருப்பது நல்ல அறிகுறி.

கடையில் நின்று திறக்க விடமாட்டார்கள் என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில் பெரும்பாலும் அலுமினியமும் செம்பும் அதிகம். மோட்டாருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீல வயர் மூன்றும் எவ்வளவு தடிமன் என்றும் பாருங்கள். மிக மெல்லிய வயரை வைத்துக்கொண்டு 30 ஆம்பியர் என்று சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

பேட்டரி ஆம்பியர் வேறு, மோட்டார் ஆம்பியர் வேறு

அந்தத் தம்பி குழம்பியது இந்த இடத்தில்தான். லேபிளில் இருக்கும் ஆம்பியர் பேட்டரியில் இருந்து இழுப்பது. மோட்டார் வயரில் ஓடுவது வேறு. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, அப்போது மோட்டாருக்கு 10 வோல்ட் கொடுத்தாலே போதும். பேட்டரியில் இருந்து 48 வோல்ட்டில் 10 ஆம்பியர் வந்தால் அது 480 வாட். அதே 480 வாட் 10 வோல்ட்டில் மோட்டாருக்குள் போக வேண்டுமானால் 48 ஆம்பியர். ஆக, பேட்டரி பக்கம் மீட்டர் 10 காட்டும்போது மாஸ்ஃபெட் 48ஐத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மேம்பாலத்தில் இரண்டு பேரோடு, நடைவேகத்தில், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் என்ன ஆகும் என்று புரிந்திருக்கும்.

ஏற்றத்தில் இழுவிசையைத் தருவது இந்த மோட்டார் ஆம்பியர்தான், இதைத்தான் ஃபேஸ் ஆம்பியர் என்பார்கள். அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஃபேஸ் ஆம்பியர் எவ்வளவு, அதற்குத் தனியாக வரம்பு இருக்கிறதா?" என்பது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டையும் தனித்தனியாக மாற்றவும் விடும் கன்ட்ரோலர்தான் என் கணக்கில் நல்ல கன்ட்ரோலர். சொல்லத் தெரியாமல் விழிக்கிறார்கள் என்றால் அந்தச் சரக்கில் அப்படி ஒரு வரம்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தில்லுமுல்லையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் கருப்பு, சிவப்பு வயர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் யூ வடிவில் வளைத்த தடித்த கம்பி ஒன்றோ இரண்டோ நிற்கும். அதுதான் ஷன்ட், கான்ஸ்டன்டன் என்ற கலவைக் கம்பி. எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று கன்ட்ரோலர் தெரிந்துகொள்வது அதைப் பார்த்துத்தான். அந்தக் கம்பி மேல் ஈயத்தை உருக்கிப் பூசினால் அதன் தடை குறையும், 30 போகும்போது 20தான் போகிறது என்று கன்ட்ரோலர் நம்பும். இருபது ஆம்பியர் போர்டை முப்பது ஆம்பியர் என்று விற்க இதைவிட மலிவான வழி கிடையாது. அந்தத் தம்பியின் கன்ட்ரோலரில் ஷன்ட் முழுக்க ஈயம் பளபளத்தது. கம்பி சுத்தமாக, வெறுமையாக இருக்க வேண்டும். "பவர் ஏத்தித் தரேன்" என்று சொல்லி உங்கள் வண்டியை வாங்குகிற மெக்கானிக்கும் பெரும்பாலும் இதைத்தான் செய்வார், தெரிந்துகொள்ளுங்கள்.

சதுர அலையா, சைன் அலையா, எஃப்ஓசியா

மோட்டாருக்கு மின்னோட்டத்தைப் படிப்படியாக வெட்டி வெட்டிக் கொடுப்பது சதுர அலை. கிளம்பும்போது "கர்ர்ர்" என்று ஒரு முனகல், கைப்பிடியில் லேசான உதறல். வளைவாகக் கொடுப்பது சைன் அலை, சத்தம் குறையும். எஃப்ஓசி (ஃபீல்டு ஓரியன்டட் கன்ட்ரோல்) என்பது மோட்டாரின் காந்தம் இந்தக் கணம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்குச் சரியான கோணத்தில் மின்னோட்டம் நிற்கும்படி ஓயாமல் கணக்குப் போட்டுக் கொடுப்பது. ஒன்றும் புதிய விஷயமில்லை, சீமென்ஸில் இருந்த பிளாஷ்கே 1970களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்த முறை. இவ்வளவு கணக்கைப் போடக்கூடிய சிப் மலிவான பிறகுதான் நம் வண்டி வரைக்கும் வந்திருக்கிறது. ஸ்வீடனின் பெஞ்சமின் வெட்டர் தன் வெஸ்க் கன்ட்ரோலரின் வடிவமைப்பையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டதால் சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்கும் இது எட்டியது.

சரி, உங்களுக்குத் தேவையா? ஏற்றம் அதிகம், சத்தம் கூடாது, ஃபேஸ் ஆம்பியரை நுணுக்கமாக அமைக்க வேண்டும் என்றால் எஃப்ஓசி வாங்குங்கள், கொடுத்த காசு தெரியும். ஆனால் தினமும் டெலிவரிக்கு ஓடும் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) வண்டிக்கு நான் வேறொன்றைத்தான் முதலில் பார்ப்பேன், ஹால் சென்சார் ஒன்று செத்தால் வண்டி என்ன செய்கிறது? மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்ல மூன்று ஹால் சென்சார், அதில் ஒன்று போனாலே பல கன்ட்ரோலர்கள் உதறிவிட்டு நின்றுவிடும். "டூயல் மோட்" கன்ட்ரோலர் சென்சார் இல்லாமலே ஓடத் தொடங்கும், கிளம்பும்போது காலால் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்கும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். மழையில் ஆர்டரோடு நடுரோட்டில் நிற்கிறவருக்கு எந்த அலை என்பதா முக்கியம்? சோதிப்பது சுலபம், ஸ்டாண்டில் வைத்து ஹால் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகுங்கள்.

ஸ்டாண்டில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனைகள்

கன்ட்ரோலரின் தரம் அது நன்றாக ஓடும்போது தெரியாது, ஏதாவது கெட்டுப்போகும்போதுதான் தெரியும். அதனால் நாமே கெடுத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் தரையில் படாமல், ஒரு கை எம்சிபி (பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பக்கத்தில் இருக்கட்டும்.

ஆக்சிலேட்டரில் மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல். கைவிட்ட நிலையில் சிக்னலில் சுமார் 0.8 வோல்ட், முழுக்கத் திருகினால் மூன்றரை நாலு வோல்ட் வரும். அந்தக் கருப்பு கிரவுண்டு வயர் எங்காவது அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். மட்டமான கன்ட்ரோலர் அதை "முழு ஆக்சிலேட்டர்" என்று எடுத்துக்கொண்டு வண்டியைப் பறக்கவிடும். நல்ல கன்ட்ரோலர், இவ்வளவு வோல்ட் வர வாய்ப்பில்லையே என்று மோட்டாரை நிறுத்தும். சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கருப்பு வயரைப் பிடுங்குங்கள். சுற்றல் கூடினால் அந்தக் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு எந்தச் சோதனையும் வேண்டாம்.

ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டே சாவியைப் போடுங்கள், சக்கரம் அசையக் கூடாது. பிரேக் லீவரைத் தொட்டால் உடனே கட் ஆக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த இரண்டும் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி தீரும் நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் 42 வோல்ட்டில் நிற்கும்படி இருக்கும், நாலு லெட் ஆசிட் பேட்டரிக்கான கணக்கு அது. 13 செல் லித்தியத்துக்கு செல்லுக்கு 3.2 வோல்ட் வருகிறது, பரவாயில்லை. 16 செல் எல்எஃப்பிக்கு 2.6தான், அதற்கு முன்பே பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் போர்டு) முந்திக்கொண்டு மொத்த மின்சாரத்தையும் வெட்டிவிடலாம், லைட், ஹாரன் எல்லாம் சேர்ந்து போகும். எல்எஃப்பி போட்டிருந்தால் இந்த எண்ணை மாற்ற முடிகிற கன்ட்ரோலரை வாங்குங்கள். வோல்ட் குறையக் குறைய வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது என்றால் ரொம்ப நல்லது.

பிரேக் பிடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் திரும்பும் வசதியைப் பற்றி விளம்பரத்தில் பெரிதாகப் பேசுவார்கள். கியர் உள்ள ஹப் மோட்டாரில் உள்ளே ஃப்ரீவீல் இருப்பதால் அது வேலையே செய்யாது. கியர் இல்லாத மோட்டாரில் வேலை செய்யும், ஆனால் முழு சார்ஜோடு மலையிறங்கினால் பிஎம்எஸ் சார்ஜை மறுத்துவிடும், போக இடமில்லாத மின்சாரம் கன்ட்ரோலரின் தலையில் விழும். பேட்டரி நிறைந்திருந்தால் தானே அதை நிறுத்திக்கொள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள்.

மழை, ரிப்பேர், சட்டம்

ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்ற குறியீடு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், ஐபி65 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் அது டப்பாவுக்குத்தான். ஐப்பசி மழையில் என்னிடம் வரும் வண்டிகளில் டப்பா காய்ந்தே இருக்கும், தண்ணீர் இறங்கியிருப்பது ஹால் கனெக்டரில், பச்சை பூத்திருக்கும். ஹாலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஒரே 5 வோல்ட்தான், ஒன்றில் ஈரம் இறங்கினால் இன்னொன்றும் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடும். வயர் வெளிவரும் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி மூடிய கன்ட்ரோலர் மழைக்குக் கெட்டி, ஆனால் ஒரு சின்ன மாஸ்ஃபெட் போனாலும் மொத்தமாகக் குப்பை. பட்டறை வைத்திருப்பவன் என்பதால் எனக்குத் திருகு போட்ட டப்பாதான் பிடிக்கும், உங்கள் ஊரில் போர்டு பார்க்கும் ஆள் இல்லையென்றால் பிசின் ஊற்றியதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால்தான் இந்தியாவில் பதிவு இல்லாமல் ஓட்டலாம். கன்ட்ரோலரில் வேக வரம்பு வயர் ஒன்று வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும், அதைப் பிரித்துவிட்டால் வண்டி பறக்கும், அந்த நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம்.

மாட்டுவதும் முதல் ஓட்டமும்

மின் இணைப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகப் பேட்டரியை மாட்டுங்கள், காலியாக இருக்கும் கெபாசிட்டர் நிரம்பும்போது "சட்" என்று பொறி வரும், கனெக்டரின் முனை கருகும். பொறி வராத எக்ஸ்டி90எஸ் கனெக்டர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று ஃபேஸ் வயரையும் மூன்று ஹால் வயரையும் எப்படியும் மாற்றி மாற்றிப் போடலாம், அதில் சில சேர்க்கைதான் சரி. நிறத்துக்கு நிறம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், மோட்டார்காரர் ஒரு கணக்கில் நிறம் வைத்திருப்பார், கன்ட்ரோலர்காரர் வேறு கணக்கில். சரியான சேர்க்கையைக் கன்ட்ரோலரே கண்டுபிடிக்க வைக்கும் லேர்னிங் வயர் இதற்குத்தான். இரண்டு முனையையும் சேர்த்துவிட்டுச் சாவியைப் போட்டால் சக்கரம் தானே சுற்றும், பின்பக்கம் சுற்றினால் பிரித்து மீண்டும் சேருங்கள், முன்பக்கம் சுற்றியதும் நிரந்தரமாகப் பிரித்து டேப் சுற்றிவிடுங்கள். சரியான சேர்க்கையில் சக்கரம் காற்றில் சுற்றும்போது பேட்டரியில் இருந்து ஓரிரு ஆம்பியர்தான் போகும். அதற்கு மேல் இழுத்தாலோ உறுமினாலோ உடனே நிறுத்துங்கள், தவறான சேர்க்கையில் கொஞ்ச நேரம் ஓடினாலே புது மாஸ்ஃபெட் போய்விடும்.

பழைய கன்ட்ரோலர் செத்ததா, மோட்டார் செத்ததா என்று தெரியாமல் புதிது வாங்காதீர்கள். சக்கரம் இறுக்கமாக, விட்டு விட்டுச் சுற்றுகிறது என்றால் மூன்று ஃபேஸ் வயரையும் கழற்றுங்கள். சுலபமாகச் சுற்றினால் கன்ட்ரோலரில் ஷார்ட், அப்போதும் இறுகினால் மோட்டார் வயர் உரசியிருக்கிறது. அப்புறம் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு, மல்டிமீட்டரை டயோடு அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி மைனஸிலும் கருப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸ் வயரிலும் வையுங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை வோல்ட் பக்கம் வர வேண்டும். கருப்பை பேட்டரி பிளஸில் வைத்துச் சிவப்பை ஃபேஸ் வயர்களில் வைத்தாலும் அப்படியே வர வேண்டும். ஒன்றில் பூஜ்யம் காட்டினால் அந்த மாஸ்ஃபெட் போயிற்று. செகண்ட் ஹேண்டில் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே, இரண்டு நிமிடம்கூட ஆகாது.

முதல் நாள் தனியாக ஒரு ஏற்றத்தில் ஏறி இறங்கி டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கிற சூடு என்றால் அடுத்த நாள் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றம். கை பொறுக்கவில்லை என்றால் ஃபேஸ் ஆம்பியரை ஒரு படி குறையுங்கள். அந்தத் தம்பிக்கு 12 மாஸ்ஃபெட் கன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு இப்படித்தான் இரண்டு நாள் அமைத்துக் கொடுத்தேன். கிளம்பும் வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று இன்னும் குறைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.